நிறுத்தாத மாத்திரை

"பல்லு எடுக்கணும்னு மாத்திரைய நானே நிறுத்தியாச்சு டாக்டரே" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார் தங்கராஜ் அண்ணன். பஸ் டிரைவர். இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர். நான் பல் பார்க்கும் விளக்கை அணைத்தேன்.

"அப்போ பல்லு எடுக்க மாட்டேன்."

பாறசாலையில் முப்பது வருஷமாகப் பல் பிடுங்குகிறேன். இங்கே பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. பல் எடுக்கப் போகும்முன் ஆஸ்பிரினைத் தாங்களாகவே நிறுத்திவிடுவார்கள், டாக்டருக்கு உபகாரம் செய்வதாக நினைப்பு. டாக்டர்களிலும் சிலருக்கு அது சௌகரியம், தரை சுத்தமாக இருக்குமே! எனக்கு அந்தச் சௌகரியம் வேண்டாம். தினம் சாப்பிடும் சின்ன டோஸ் ஆஸ்பிரின், ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட்டுகளை எளிதில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள விடாது. அதனால் பல் எடுத்த குழியில் ரத்தம் நிற்கக் கொஞ்சம் தாமதமாகும். ஆனால் மாத்திரையை நிறுத்தினால் ஸ்டென்ட்டில் ரத்தம் கட்டலாம். கட்டினால் உயிரே போகலாம்.

ஸ்டென்ட் வைத்த டாக்டரைப் போனில் பிடித்தேன். மாத்திரையை இன்றே மறுபடி தொடங்கச் சொன்னார், ஒரு வாரம் சாப்பிட்ட பிறகு பல்லை எடுக்கலாம் என்றார்.

"வேதன சகிக்க முடியல்ல. பாறசாலையில வேற பல்லு டாக்டர் இல்லியா?" என்று தங்கராஜ் அண்ணன் எகிறினார்.

"உண்டு. நெஞ்சு டாக்டர்கிட்ட கேக்காம அங்க மாத்திரைய நிறுத்தச் சொன்னா நாற்காலிய விட்டு எறங்கி வந்துரணும்."

வலிக்குப் பாரசிட்டமால் கொடுத்து அனுப்பினேன். முணுமுணுத்துக்கொண்டே போனார். அடுத்த வாரம், மாத்திரையை விடாமல் சாப்பிட்டு வந்தார். கடைவாய்ப் பல்லை எடுத்து, தையல் போட்டு, பஞ்சைக் கடிக்கக் கொடுத்து வெளியே உட்கார வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் மனைவி மேரி அக்காவின் சத்தம். "டாக்டரே, ரெத்தம் நிக்கல்ல!"

வாஷ்பேசின் முழுக்கச் சிவப்பு. மனுஷர் பஞ்சை எடுத்து எடுத்து, ரத்தம் நின்றதா என்று துப்பிப் பார்த்திருக்கிறார்! உறையத் தொடங்கியதெல்லாம் எச்சிலோடு போய்விட்டது.

"இந்த ஆளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீங்க பதில் சொல்லுவியளா? மாத்திரைய நிறுத்தியிருந்தா இப்பிடி வருமா?" என்றாள் அக்கா.

எனக்கும் பயம்தான். வெளியே காட்டவில்லை. புதுப் பஞ்சை வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு நின்றேன்.

"அண்ணே, துப்பப்படாது. எச்சில விழுங்குங்க."

காத்திருந்தவர்கள் சலித்து எழுந்து போனார்கள். போகட்டும் என்று விட்டேன். விரல் மரத்துப்போன பிறகு மெல்ல எடுத்துப் பார்த்தேன். குழியில் ரத்தம் உறைந்து, கருஞ்சிவப்பாக அசையாமல் இருந்தது.

"அக்கா, இது வாயில வந்த ரெத்தமாக்கும். கண்ணுக்குத் தெரிஞ்சுது, விரல வச்சேன். நெஞ்சுக்குள்ள கட்டியிருந்தா விரல எங்க கொண்டு வைப்பேன்?"

தங்கராஜ் அண்ணன் எழுந்து, பழக்க தோஷத்தில் வாஷ்பேசின் பக்கம் திரும்பினார். அக்கா சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"எச்சில விழுங்கும், மனுஷா!"

புதிதாகத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: தரையில் ரத்தம் சிந்தினால் துடைத்துக்கொள்ளலாம். அதற்குப் பயந்து யாருடைய மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.