மீட்டர் மூலையில் ஒட்டிய துஆ

நிந்தவூரில் என் டயர் கடைக்குப் பக்கத்தில்தான் றஸாக் நானாவின் கார் வயரிங் கடை. அதிகம் பேசாத மனிதர். ஆனால் யாராவது வந்து, எயார்பேக் லைட் எரிகிறது, பல்பைக் கழற்றிவிடுங்கள் என்றால் பொல்லாத கோபம் வரும். பிழையைத் தேடித் திருத்துவார், இல்லையென்றால் காரைத் திருப்பி அனுப்பிவிடுவார். பிழைக்கத் தெரியாத ஆள் என்று நானே அவரைத் திட்டியிருக்கிறேன்.

போன மாரியில் அவருடைய மருமகன் மிஹ்லார் கோமாரிப் பக்கம் லொறியோடு மோதி மௌத்தானார். எயார்பேக் விரியவில்லை. மகள் ஸம்றா, கணவனை இழந்தவள் வெளியே போகாத நாட்களான இத்தாவில், வீட்டுக்குள் இருந்தாள். காரை விற்கச் சொன்னோம். அவர் ஆசைப்பட்டு வாங்கியது, விற்கமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றாள். அன்று அது ஏன் விரியவில்லை என்று மட்டும் வாப்பாவைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அந்தக் காரின் வயரிங்கை வேறு யாரும் தொட நானா விடவில்லை. சாரதி சீட்டைக் கழற்றிய அன்று அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். எட்டிப் பார்த்தேன். சீட்டுக்குக் கீழே எயார்பேக்கின் மஞ்சள் பிளக் பூட்டாமல் கிடந்தது, அதன் வாய்க்குள் காய்ந்த சேறு. விபத்துக்கு முன் காருக்குள் ஏறிய வெள்ளம் வடிந்ததும் மிஹ்லார் முற்றத்தில் தானே சீட்டுகளைக் கழற்றிக் காயவைத்திருந்தார். மாமாவுக்கு எதற்குக் கரைச்சல் என்ற நினைப்பு. அந்த மரியாதைமேல் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான்.

பிளக் கழன்றிருந்தால் மீட்டரில் சிவப்பு லைட் எரியும். எரிந்துதான் இருக்கும். ஆனால் சீட்டைப் பூட்டிய அன்றே, கார் வெளிக்கிடுவதற்கு முன், ஸம்றா பயணப் பிரார்த்தனையான துஆ ஸ்டிக்கரை மீட்டர் கண்ணாடியின் மூலையில் ஒட்டியிருந்தாள். அவர் ஓத மறந்துவிடுவார், கண்ணுக்கு நேரே இருக்கட்டும் என்று. லைட் அதற்குப் பின்னால் மறைந்துபோனது. நானாவும் அந்தக் காரில் எத்தனையோ தடவை போய்வந்தவர்தான்.

"இத அவளுக்குச் செல்லிராதீங்க," என்றார் என்னிடம்.

புது எயார்பேக் பலூனும் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியும் வந்தன. பற்றரி வயரைக் கழற்றி, மிச்சக் கரண்டும் இறங்கும்வரை காத்திருந்தார். பிறகு ஒவ்வொரு மஞ்சள் பிளக்கையும் 'டிக்' என்று சத்தம் கேட்கும்வரை அழுத்தினார். யாரையும் காருக்குள் ஏறவிடாமல் பற்றரியைப் பூட்டி, வெளியில் நின்றபடி கையை மட்டும் நீட்டித் திறப்பைச் சாவித்துளையில் திருப்பினார். லைட் எரிந்து அணைந்தது. துஆவைக் கிழியாமல் உரித்து டாஷ்போர்டின் மறுபக்கத்தில் ஒட்டினார்.

இத்தா முடிந்த பிறகு காரை வீட்டுக்குக் கொண்டுபோனோம். நான் கேற்றடியில் நின்றேன். ஸம்றா கதவைத் திறந்து உள்ளே பார்த்தாள்.

"ஏன் வாப்பா இடம் மாத்தி ஒட்டிரிக்கீங்க?"

"இஞ்ச வடிவா வாசிக்கலாம் மகள்."

எயார்பேக் இப்போது சரியா, காட்டுங்கள் என்றாள். கடையில் ஒருமுறை சரிபார்த்ததுதான். என்றாலும் பழக்கதோஷத்தில் நானா அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு வெளியிலிருந்தபடியே திறப்பைத் திருப்பினார். மீட்டரின் மூலையில் சிவப்பு லைட் எரிந்தது. கொஞ்சத்தில் அணைந்தது. பழுது ஒன்றும் இல்லை.

ஸம்றா அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த இடத்திலதான் வாப்பா நான் ஒட்டின," என்றாள்.