பச்சை வயர்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு நான் கொலைகாரன் ஆகியிருப்பேன். நூலிழையில் தப்பினேன். நான் தப்பியது இருக்கட்டும், சாந்தாமணி அக்கா தப்பினார்.

இந்த வாரப் பத்தியை மூன்று தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். குன்னூர்க் குளிர் என்று சொல்லிச் சமாளிக்கலாம்தான்... காரணம் அது இல்லை.

எலெக்ட்ரிக் கிடார் என்றால் எனக்குப் பைத்தியம் என்பது உங்களுக்குத் தெரியும். வாசிக்கத் தெரியாது. வாசித்தவர்களைப் பற்றிப் பேசத் தெரியும் — மணிக்கணக்கில்! முழு மரக்கட்டையில் கம்பியைக் கட்டி, அடியில் காந்தத்தை வைத்து, 'இதுவும் கிடார்தான்' என்று மேடையில் நின்றார்களே அந்த முதல் ஆட்கள், அவர்களை நினைத்தால் இன்றைக்கும் சிலிர்க்கும். எத்தனை பேர் சிரித்திருப்பார்கள்? ஸ்பீக்கரின் காகிதத்தையே குத்திக் கிழித்து அந்த உறுமலை வரவழைத்தவர்கள் உண்டு. யாருக்கு வரும் அந்தத் துணிச்சல்?

எங்கள் மலையில் சாந்தாமணி அக்காவுக்கு வந்தது. இங்கே ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் கிளார்க்காக இருந்தவர். பெண்கள் மேடை ஏறினால் பாட மட்டும்தான் என்றிருந்தபோது, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, சிவப்பு எலெக்ட்ரிக் கிடாரை மாட்டி ஆர்கெஸ்ட்ராவில் நின்றவர். எனக்குத் தெரிந்து இந்தப் பக்கம் அவர்தான் முதல் ஆள். ரிட்டயர் ஆனபிறகு கிடாரைத் தொடவில்லை. ஜெகதளா பக்கம் ஒரு காலனியின் ஆண்டு விழாவுக்கு இந்த வருடம் வற்புறுத்திக் கூப்பிட்டிருந்தார்கள்.

சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். பழைய ஆம்ப்ளிஃபயர் 'ங்ங்ங்' என்று இரைந்துகொண்டிருந்தது.

"ஏனுங் தம்பி, இந்த எரைச்சலோட எப்படிங் வாசிக்கறது? நாளைக்கு மானம் போயிரும்" என்றார் அக்கா.

இந்த மாதிரி நேரத்துக்காகத்தானே ராத்திரி பகலாக வீடியோ பார்க்கிறேன்? வெளிநாட்டுக் கிடார்க்காரர் ஒருவர் வழி சொல்லியிருந்தார். எர்த்தைத் துண்டித்தால் இரைச்சல் போய்விடும். ஸ்க்ரூ டிரைவர் வாங்கினேன். மூன்று பின் பிளக்கைத் திறந்தேன். எர்த் வயரான பச்சை வயரைக் கழற்றி, டேப் சுற்றி மூடினேன். இரைச்சல் முக்கால்வாசி அடங்கிவிட்டது.

"நீங்க எஞ்சினீயருக்குப் படிச்சிருக்கோணுமுங் தம்பி!"

காபியோடு பாராட்டு. ஒரு அடி உயரமாகி வீடு திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை. வெட்டவெளியில் சிமெண்ட் மேடை, மேலே தகரம். சாரலும் மேகமும் சேர்ந்து உள்ளே புகுந்துகொண்டிருந்தன. விரித்திருந்த ஜமுக்காளம் நனைந்துவிட்டதென்று சுருட்டி ஓரமாக வைத்துவிட்டார்கள். நான் நான்காவது வரிசையில், நடு நாற்காலியில்.

அக்கா மேடைப் படிக்கு வந்தார். செருப்பைக் கழற்றினார். மேடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வெறுங்காலோடு ஏறினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வீடியோவில் வழி சொன்னவர் ஷூ போட்டவர்! அந்த ஊரில் வீட்டுக்குள்ளேயே ஷூவோடு திரிவார்கள். மேடைக்கும் ஷூதான். ரப்பர் சோல். நம் ஊரில் எவர் செருப்போடு மேடை ஏறுவார்? ஈரச் சிமெண்டில் வெறுங்கால், கையில் இரும்புக் கம்பி, அந்தக் கம்பி போய்ச் சேரும் ஆம்ப்ளிஃபயருக்கோ, கசியும் கரண்டைத் தரைக்கு இறக்கிவிட எர்த் இல்லை. உதட்டுக்கு நேரே மைக் — அதுவும் இரும்பு. கம்பியில் கரண்ட் கசிந்திருந்தால்? மைக்கில் வாய் பட்டால் அது முழுக்க உடம்பு வழியாகத்தானே பாயும்?

மேடையிலேயே அப்படிச் செத்துப்போன கிடார்க்காரர்கள் இருக்கிறார்கள். அதையும் நான் படித்திருக்கிறேன். படித்து என்ன புண்ணியம்?

அக்கா வாசிக்க ஆரம்பித்துவிட்டார். முதலில் கிடார் மட்டும், அப்புறம் பல்லவி. பல்லவிக்கு அவர் மைக்கிடம் குனிவார்.

"அக்கா, வேண்டாம்! நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

"புடிக்கலீன்னா எந்திரிச்சுப் போங்க சார்" என்றார் பக்கத்துச் சீட்டுக்காரர்.

எழுந்து போகத்தானே பார்க்கிறேன்? முழங்கால்கள், குடைகள், டிபன் கூடைகள்... யார் காலையோ மிதித்தேன். யாரோ என் பரம்பரையையே திட்டினார். திரும்பிப் பார்த்தேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்திருந்தார். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண். எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அழுதுகொண்டேதான் ஓடினேன்.

மேடைக்குப் பின்னால் பலகையில் ஏழெட்டு பிளக்குகள். எது அக்காவுடையது? பார்க்க நேரமில்லை. பலகைக்கு வந்த மெயின் வயரையே சுவரிலிருந்து பிடுங்கினேன்.

பாட்டு நின்றது. கூட்டம் 'ஓ'வென்று கத்தியது.

மைக்செட் முருகேசன் என் சட்டையைப் பிடித்தார். "அக்கா ஆம்ப்ளிஃபயர்... எர்த் இல்லை" என்று திணறினேன். அவர் என்னை விட்டுவிட்டு மேடைக்கு ஓடினார். கிடாரை அக்கா கழுத்திலிருந்து கழற்றி, ஒரு மர நாற்காலியில் வைத்தார். மறுபடி கரண்ட் கொடுக்கச் சொல்லி, கம்பியில் டெஸ்டரை வைத்தார்.

டெஸ்டரில் விளக்கு எரிந்தது.

முருகேசன் முகத்தில் ரத்தமே இல்லை. அக்கா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மொதல்லருந்தே வெரல்ல எறும்பு ஓடற மாதிரி இருந்துச்சுங். ரொம்ப நாள் கழிச்சு வாசிக்கறமே, அந்தப் படபடப்புன்னு நெனச்சுட்டேன்."

முருகேசன் பிளக்கைத் திறந்தார். டேப் சுற்றிய பச்சை வயர் எட்டிப் பார்த்தது.

"யாருங் இந்த வேலை பார்த்தது?"

சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன் என்று நினைக்கிறேன். அதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

"நாந்தானுங். எரைச்சலா இருந்துச்சுன்னு கழட்டிப் போட்டேன்."

"உசுரு மேல ஆசையில்லீங்களா உங்களுக்கு? தெரியாத வேலையில எதுக்குங் கைய வெக்கறீங்க? நாளைக்கு என்னையத்தானுங் போலீஸ் புடிக்கும்!" அத்தனை பேர் முன்னால், ஐந்து நிமிடம் விடாமல் திட்டினார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு "ஆமாங், தப்புத்தானுங்" என்றார்.

நான்? சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டு நின்றேன். மைக்குக்கும் அக்காவுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தபோது வந்த பயத்தில் ஓடினேன். உண்மையைச் சொல்லப் பயந்தபோது நின்றுவிட்டேன். எவ்வளவு வித்தியாசமான பயங்கள், பாருங்கள்!

பச்சை வயரை முருகேசன் மறுபடி மாட்டி முடுக்கி, பலகையின் எர்த்தையும் சரிபார்த்தார். எங்கிருந்தோ ஒரு ரப்பர் மேட் வந்தது. இரைச்சலும் திரும்பி வந்தது. அந்த 'ங்ங்ங்'குக்கு மேலே அக்கா முழுப் பாட்டையும் வாசித்துப் பாடினார். நான் கேட்கவில்லை, டெஸ்டரின் அந்தச் சின்ன வெளிச்சம் மட்டும்தான் கண்ணுக்குள் இருந்தது.

முருகேசன், வாராவாரம் இந்தப் பத்தியைப் படிப்பதாக ஒருமுறை சொன்னீர்கள். பச்சை வயரைக் கழற்றியது நான்தான். அக்காவைத் திட்டியதைத் தயவுசெய்து திரும்ப வாங்கி, ஒரு வார்த்தை குறையாமல் எனக்குக் கொடுத்துவிடுங்கள்.