காது குத்தியது சுவருக்கு அந்தப் பக்கம்

வடக்குப்பட்டுப் பக்கம் எங்கள் வீட்டுக்கும் அம்மா பிறந்த வீட்டுக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு வரப்பு. உலை வைத்துவிட்டுப் போனால், தம்பியிடம் நாலு வார்த்தை பேசிவிட்டுச் சோறு பொங்குவதற்குள் அம்மா திரும்பிவிடுவாள். வயல்கள் மனைகளானபோது வரப்பு முப்பதடி ரோடாகப் போகிறது என்றார்கள். எனக்கு அதில் சைக்கிள் விடும் ஆசை.

ரோடு வந்தது. மாமா வீட்டிலிருந்து ஜம்மென்று வந்து, எங்கள் பக்கத்துச் சுவரில் முட்டி நின்றது. இந்தப் பக்கம் மனை போட்டுச் சுவர் எழுப்பியவர் வேறு ஆள். அவர் ரோட்டைப் பற்றி இவருக்கு என்ன கவலை! சுவரில் ஓர் ஆள் நுழையும் சந்து விட்டிருந்தார்கள். கேட் வைக்கத்தான் என்று அம்மா நம்பிக்கொண்டிருந்தாள். என் காதுகுத்துக்கு முந்தின நாள் அதையும் அடைத்துவிட்டார்கள். விசேஷ வேலையில் யாரும் கவனிக்கவில்லை.

மாமா பைக்கில் விழுந்து காலில் மாவுக்கட்டு போட்டிருந்தார். ஷேர் ஆட்டோவில் சுவர்வரை வந்து அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"அக்கா, சுத்தினு வர்றதுக்குள்ள ராவுகாலம் வந்துடும். புள்ளைய இப்டி தூக்கிக் குடு."

தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்துவதா? காது குத்த வந்திருந்த பத்தர் பையோடு சுவரேறிக் குதித்தார். அப்பா ஒரு டிரம்மின் மேல் நின்று, பட்டுப்பாவாடையோடு என்னை அந்தப் பக்கம் இறக்கினார். சீர்த்தட்டு இந்தப் பக்கம் வந்தது. எனக்கு ஒரே குஷி, ஊசி இறங்கும்வரை. அலறினேன்.

"வலிக்குதாடி?" என்றாள் அம்மா, சுவருக்குப் பின்னாலிருந்து. அவளும் அழுதுகொண்டிருந்தாள், என்னைவிடச் சத்தமாக.

திரும்பத் தூக்கிக் கொடுத்தபோது அவள் என் காதைப் பார்க்கவில்லை. சுவரில் சந்து இருந்த, பூசிய ஈரம் காயாத அந்த இடத்தில் கை வைத்தபடி நின்றாள். இப்போது அவள் பிறந்த வீட்டுக்குப் போக மெயின் ரோடு ஏறி, இரண்டு ஆட்டோ மாற வேண்டும். பொங்கலுக்கு ஒருமுறை போனால் பெரிது. மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது மட்டும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அன்று எனக்கு அதெல்லாம் எங்கே தெரிந்தது? அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து, "இப்ப வலிக்கலம்மா, அழாத" என்று சமாதானம் சொன்னேன்.