போப்பின் சோடா மூடி

எண்பதுகளின் தொடக்கத்தில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில், பேராக் மாநிலத்துக் குனோங் ராபாட் ஊரில் நான் போப்பாக இருந்தேன். சிரிக்காதீர்கள். ரோமாபுரியில் இருப்பாரே, அவர்தான். நானோ மாரியம்மனுக்குத் தீ மிதித்தவன். தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவன். அந்த மூன்றாம் வகுப்பை வைத்துக்கொண்டு கித்தா மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், பால் வெட்டி, லாரியில் கிளீனராக ஏறி, அப்புறம் ஓட்டி, அப்புறம் சொந்தமாக மூன்று லாரி வைத்தேன். பேராக்கில் என் லாரி போகாத சடக்கு கிடையாது. யாரும் எனக்கு எதையும் சொல்லித் தரவில்லை. பார்த்தேன், செய்தேன்.

பெருமைக்காக இதை எழுதவில்லை. பெருமை என்னிடம் நிறைய இருக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை. நான் தப்பாகச் சொன்ன ஒரு வார்த்தைக்காக எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டில் ஒரு வாத்தியார் இருந்தார். கத்தோலிக்கர், இடைநிலைப் பள்ளியில் சரித்திரம் சொல்லிக் கொடுப்பவர். அவருடைய தம்பி இங்கிலாந்திலிருந்து ஒரு பெட்டி அனுப்பியிருந்தான். பெட்டிக்குள் பழைய காலத்து ஐரோப்பா படம், மேசையை மூடுகிற அளவுக்கு. கூடவே நூற்றுக்கணக்கில் சின்னச் சின்ன அட்டைத் துண்டுகள். ஒவ்வொருவரும் ஒரு நாட்டுக்கு ராஜா. சண்டை போடலாம், சமாதானம் பேசலாம், பெண் கொடுத்துப் பெண் எடுக்கலாம். ஓர் ஆட்டம் முடிய மாதக்கணக்கில் ஆகும். ஞாயிறுக்கு ஞாயிறு அது அப்படியே மேசைத் துணிக்கு அடியில் கிடக்கும்.

நாங்கள் நாலு பேர். வாத்தியார் இங்கிலாந்து. முக்கில் உணவுக்கடை வைத்திருந்த பாய் சிசிலி. ஜெர்மனிச் சக்கரவர்த்தி என் மச்சான். சொந்த மச்சான் இல்லை. தோட்டத்தில் ஒரே லயத்து வரிசையில் பக்கத்துப் பக்கத்து வீடு, மரம் வெட்டுவதிலும் பக்கத்து நிரை. அப்போது பத்து காஜா ஊர் ஆஸ்பத்திரியில் அட்டெண்டன். என் லாரிப் பையன் ஒருவன் காலை உடைத்துக்கொண்டபோது, தள்ளுவண்டியோடு வந்து நின்றவன் இவன். பார்த்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது.

"என்ன மச்சான், தொப்பை தனி லாரில வருது?" என்றான். ஒன்றுமே நடக்காத மாதிரி. நான்தான் அவனை ஞாயிறு ஆட்டத்துக்குக் கூப்பிட்டேன். எதையோ ஈடுகட்டுகிற நினைப்பு.

எனக்குப் போப்பைக் கொடுத்ததற்குக் காரணம், பிரசங்கம் பண்ணுகிற மாதிரியான என் தொண்டை. ஆனால் பெட்டியில் போப்பு ஒரு வெள்ளை அட்டை, அவ்வளவுதான். ஒரு வேலையும் செய்யாது. வாத்தியாருக்கு இது பொறுக்கவில்லை. "அண்ணே, பாப்பரசரைப் பார்த்து ராஜாக்களே நடுங்கின காலம் அது. இப்படி ஒரு மூலையில உக்கார வச்சிருக்கான்." சட்டத்தை நாமே எழுதுவோம் என்றார்.

முதலில் போப்புக்குப் பட்டாளம் கொடுத்துப் பார்த்தார். இரண்டே வாரத்தில் எல்லாரையும் அடித்துப்போட்டேன். "இது போப்பு இல்ல, லாரிக்காரர்" என்று பட்டாளத்தைப் பிடுங்கிவிட்டார். அடுத்த வாரமே பாயின் சிசிலிப் படை ரோமுக்குள் நுழைந்துவிட்டது. "அண்ணே, நம்ம கடையில ரொட்டி போட ஆள் தேவை, போப்பு வாராரா?" என்றார் பாய். பட்டாளம் இருந்தால் போப்பு இன்னொரு ராஜா. இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை. படித்தவருக்கு வழி தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

"சார், போப்புக்குப் பட்டாளம் வேணாம். ஒரு வார்த்தை போதும்."

"என்ன வார்த்தை?"

"தள்ளி வச்சாச்சு."

பாய் குடித்து வைத்த ஆரஞ்சு பாட்டிலின் மூடியை எடுத்தேன். கைக்கு எட்டினது ஜெர்மனி. அந்த ராஜாவின் அட்டைமேல் கவிழ்த்தேன்.

"இனிமே இவரோட யாரும் பேசக்கூடாது, பொண்ணு குடுக்கக்கூடாது. இவரு ஆளுங்களே இவரு சொன்னா நகரமாட்டாங்க. பாவம்னு யாராச்சும் கை குடுத்தா அவருக்கும் ஒரு மூடி. கத்தியே எடுக்க வேணாம் சார். தானா காய்ஞ்சிருவாரு."

வாத்தியார் பேனாவைத் திறந்துவிட்டார். "அண்ணே, இது அப்படியே சரித்திரம்! எங்க படிச்சீங்க?"

"படிக்கிறதா? எஸ்டேட்ல பாத்தது லா." நெஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மச்சான் அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஒன்னு விட்டுட்டே மச்சான்" என்றான் மெதுவாக. "வீட்ல சாவு விழுந்தா தூக்க ஆள் வராது. அதையும் எழுதுங்க சார்."

"அதுவும் உண்மைதான், கல்லறையில இடம் கிடைக்காது" என்று வாத்தியார் எழுதிக்கொண்டார். நான் கையிலிருந்த கச்சாங் கடலையைத் திரும்பத் தட்டில் போட்டேன்.

எழுபதுகளின் நடுவில் எங்கள் தோட்டத்துக் கோயிலுக்கு நான் செயலாளர். என்னைவிட நன்றாகப் படித்தவர்கள் இருந்தார்கள், ஆனால் எழுந்து நின்று பேச எனக்குத்தான் தைரியம். சாமி ஊர்வலம் என்றால் தேர் முதலில் பெரிய கிராணி வீட்டு வாசலில் நிற்கும். தோட்டத்து ஆபீஸில் தலைமைக் குமாஸ்தா அவர், அவர் வைத்ததுதான் சட்டம். முதல் அர்ச்சனைத் தட்டு அவருக்கு, அப்புறம்தான் லயம். அந்த வருஷம் மச்சான் முன்கயிறு பிடித்திருந்தான். பிடித்தவன் தேரை நேராக லயத்துப் பக்கம் திருப்பிவிட்டான். அவன் அம்மா உடம்பு முடியாமல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. முதல் தட்டு அந்த அம்மாவுக்குப் போனது.

கோயில் தலைவர் குதித்தார். கமிட்டி கூடியது. கிராணி, தன் மகள் கல்யாணத்துக்காகத் தமிழ்நாட்டுக்குக் கிளம்பிவிட்டார், வர இரண்டு மாசம் ஆகும். அவர் இல்லாமல் என்ன பேச? அவர் வரட்டும், அதுவரைக்கும் தள்ளி வைப்போம் என்று முடிவு. அந்த நேரத்தில் நான் வெளியே சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்தபோது தலைவர் சொன்னது ஒரு வரி: "தள்ளி வச்சாச்சுன்னு சொல்லிரு."

எதை என்று கேட்டிருக்கலாம். கேட்டால் வெளியே போனது தெரியும், புரியாதவன் என்றும் ஆகிவிடும். வெள்ளிக்கிழமைப் பூஜை முடிந்ததும் சனத்தின் முன்னால் நின்று, மச்சான் பேரை அப்பன் பேரோடு சேர்த்துச் சொல்லி, "கோயில்லேர்ந்தும் லயத்துலேர்ந்தும் தள்ளி வச்சாச்சு" என்றேன். கோயிலும் லயமும் என் சொந்தச் சரக்கு. கேட்க நன்றாக இருந்தது.

தலைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு சும்மா இருந்துவிட்டார். அவருக்கு அது வசதி. கமிட்டியில் வயதான ஒருவர் மட்டும் என்னைப் பிடித்துக்கொண்டார். "டேய், விஷயத்தைத்தானே தள்ளி வைக்கச் சொன்னோம்? நீ ஆளையே தள்ளிட்டியே!"

"எல்லாம் ஒன்னுதானே லா" என்றேன்.

ஒன்றில்லை என்று அந்த நிமிஷமே தெரியும். மறுநாள் விடியற்காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும்போது, அவனைச் சுற்றி ஒரு வட்டம் காலியாகக் கிடந்தது. குழாயடியில் அவன் பெண்டாட்டி வாளியை வைத்தால் மற்றவர்கள் வாளியை எடுத்துக்கொண்டார்கள். முடி வெட்டுகிறவர் கதவைச் சாத்தினார். நான் ஒருநாள் எழுந்து "தப்பாகச் சொல்லிவிட்டேன்" என்று சொன்னால் போதும். நாளைக்குச் சொல்லலாம், கிராணி வந்ததும் தானாகச் சரியாகிவிடும் என்று நாளை ஓட்டினேன்.

ஆறாவது வாரம் அந்த அம்மா செத்துப்போனது. தப்படிக்க ஆள் வரவில்லை. தூக்கவும் வரவில்லை. மச்சான், காம்பாரிலிருந்து வந்த அவன் மைத்துனன், கித்தாப் பால் லாரி ஓட்டுகிற மலாய்க்காரர், கறிகாய்த் தோட்டத்துச் சீனர், இந்த நாலு பேர்தான். சீனர் குள்ளம். அவர் பக்கம் பாடை சாய்ந்து, அந்த அம்மாவின் தலை ஒரு பக்கமாகச் சரிந்தபடி போனது. நானும் மச்சானும் ஒரே உயரம். நான் என் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிராணி வந்தார். கோயிலில் விழுந்து கும்பிட்டால் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். மச்சான் விழவில்லை. சாமானைக் கட்டிக்கொண்டு பத்து காஜாவுக்குப் போய்விட்டான்.

சோடா மூடி வைத்த ஞாயிறன்று, மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது அவனே பேச்செடுத்தான். "நம்ம கோயில் தலைவர் செத்துட்டாராமே. எனக்குப் போகத் தோணல மச்சான். உன்ன நான் ஒன்னும் நினைக்கல. நீ என்ன செய்வே, அந்த ஆளு சொன்னதை அப்படியே சொன்னே."

நான் "ம்" என்றேன். கோயிலில் சொன்னது புரியாமல் சொன்னது. இந்த "ம்" புரிந்தே சொன்னது.

சொல்லியாக வேண்டும் என்பது அன்றைக்கே முடிவு. சொன்னால் இவனை இழந்துவிடுவேன் என்பதும் தெரியும். லாரி வாங்க, சடக்கில் பத்து பேரை எதிர்த்துப் பேச எனக்குப் பயமில்லை. இதற்குப் பயம்.

அடுத்த வாரம் வாத்தியார், மூடியை எடுப்பதற்கும் ஒரு சட்டம் கொண்டுவந்தார். அந்தக் காலத்தில் ஒரு ஜெர்மனி ராஜா போப்பு வாசலில் மூன்று நாள் பனியில் வெறுங்காலோடு நின்றாராம். ஆகவே நம் ஆட்டத்தில் ராஜா ரோம் வாசலுக்கு வந்து, எதையும் நகர்த்தாமல், மூன்று சுற்று நிற்க வேண்டும். நான் தலையாட்டினேன்.

"நான் நிக்கமாட்டேன் சார்" என்றான் மச்சான். "என்ன தப்பு பண்ணேன்னு போப்பு சொல்லட்டும். அப்புறம் பாப்போம்."

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் எந்த வாரமும் ரோம் வாசலில் வந்து நிற்கவில்லை. ஜெர்மனி தேய்ந்துகொண்டே போனது. பாய் அவனுடைய ஊர்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார், பிரபுக்கள் ஓடினார்கள். பாய்க்கே அலுத்துவிட்டது.

"யோவ் ராஜா, மூனு சுத்து நின்னுட்டுப் போயேன்யா. ஆட்டம் நகர மாட்டேங்குது."

"எனக்குப் பழக்கம் இருக்கு பாய்" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கையை நீட்டி மூடியை எடுத்துவிட்டேன்.

"அண்ணே, சட்டப்படி அவர் நிக்கணும்" என்றார் வாத்தியார்.

"நிக்க வேணாம் சார். அது தப்பா வச்ச மூடி."

"போப்பு தப்பு பண்ணுவாரா?" என்று பாய் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து அவரும் நிறுத்திக்கொண்டார்.

மச்சான் பக்கம் திரும்பினேன். "அன்னிக்குக் கமிட்டியில விஷயத்தைத்தான் தள்ளி வச்சாங்க. கிராணி வர்ற வரைக்கும். நான் வெளிய நின்னுட்டு வந்து, உன்னைத் தள்ளி வச்சாச்சுன்னு சொல்லிட்டேன். தலைவர் சொன்னது இல்ல மச்சான். என் வாய்."

அவன் மூடியை என் கையிலிருந்து வாங்கினான். உள்பக்கம் திருப்பி, அதில் எழுத்து இருக்கிற மாதிரி பார்த்தான்.

"எப்ப தெரியும் உனக்கு?"

"அன்னிக்கே."

"அம்மா செத்தப்ப?"

"தெரியும்."

"வாசல்ல நின்னியே, அப்ப?"

என்னைப் பார்த்திருக்கிறான். இத்தனை வருஷம் எனக்கு அது தெரியாது. தலையை ஆட்டினேன். அவன் மூடியை மேசைமேல் வைத்தான். "ஜெர்மனியப் பாய்க்கே குடுத்துருங்க சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

அடுத்த ஞாயிறு ஆட்டத்துக்குப் போகாமல் பத்து காஜாவுக்குப் போனேன். ஆஸ்பத்திரி குவாட்டர்ஸ் வேலிக்கு வெளியே நின்றேன். அவன் பெண்டாட்டி வந்து, "வேலைக்குப் போயிருக்காரு அண்ணே" என்றது. மோட்டார் சைக்கிள் வாசலிலேயே நின்றது. அதற்கடுத்த ஞாயிறு மழை. நனைந்துகொண்டு நின்றேன். யாரும் வெளியே வரவில்லை. மூன்று தடவை நின்றால் மூடி எடுபடும் என்ற சட்டத்துக்குத் தலையாட்டியவன் நான், அந்த நினைப்பில்தான் மூன்றாவது ஞாயிறும் போனேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

அவன் வாசலில் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். வேலைச் சட்டை போட்டிருந்தான். என்னைப் பார்த்துவிட்டு, கண்ணாடி இரண்டையும் துடைத்து முடித்தான்.

"பசியாறிட்டியா?" என்றான்.

"இல்ல. மச்சான், என்ன மன்னிச்சிரு லா."

துணியை உதறிக் கொடியில் போட்டான். மோட்டார் சைக்கிளை வேலிக்கு வெளியே தள்ளிக்கொண்டு வந்து, எனக்கு நேராக நிறுத்தினான்.

"உன்னத் தள்ளி வைக்கல மச்சான்" என்றான். "விஷயத்தைத்தான் தள்ளி வச்சிருக்கேன்."

"எதுவரைக்கும்?"

ஒரே உதையில் மோட்டார் சைக்கிள் கிளம்பியது. அந்தச் சத்தத்துக்கு மேலே சத்தமாகச் சொன்னான்.

"கிராணி ஊர்லேர்ந்து வரட்டும்."

பெரிய கிராணி வேலையை முடித்துக்கொண்டு, குடும்பத்தோடு தமிழ்நாட்டுக்கே நிரந்தரமாகப் போய் அப்போதே நாலைந்து வருஷம் இருக்கும்.