கிளிப் மாட்டியவன்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் வீட்டுக்கு வாருங்கள், என் மச்சினனின் நெஞ்சு எக்ஸ்ரேயைக் காட்டுகிறேன். இரண்டு விலா எலும்பு உடைந்திருக்கிறது. நாற்பது கிலோ கம்பி நெஞ்சில் கிடந்தால் இப்படி ஆகாது என்று எலும்பு டாக்டரே சொன்னார். அப்படியானால் எத்தனை கிலோ என்று கேட்டேன். அவர் குனிந்து மாத்திரை எழுதினார்.

நான் ஒரு ஜிம்மில் பயிற்சியாளர். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடும் ஆள். எடை போட முடியாத சமாச்சாரத்தைப் பற்றிப் பேச எனக்கு நேரம் கிடையாது. அப்படித்தான் திமிராக இருந்தேன்.

ஜிம் ஒரு பழைய கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. படி இறங்கிப் போக வேண்டும். ஜன்னல் கிடையாது. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. இங்கே பயிற்சியாளர் யாரும் நிலைப்பதில்லை என்று சேரும்போதே காதில் விழுந்தது. முதலாளியின் வாய்க்குப் பயந்து ஓடியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் தொழிலில் இரண்டு விஷயம் உங்களுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அன்று நடந்தது புரியாது.

ஒன்று, கிளிப். பெஞ்சில் மல்லாக்கப் படுத்து, கம்பியை நெஞ்சு வரை இறக்கி, மேலே தள்ள வேண்டும். கம்பியின் இரண்டு முனையிலும் இரும்புத் தட்டுகள் இருக்கும். அவை நழுவாமல் இருக்க முனைக்கொரு கிளிப் மாட்டுவோம். ஆனால் துணைக்கு ஆள் இல்லாமல் படுக்கிறவன் கிளிப் மாட்டவே கூடாது. கை சோர்ந்து கம்பி நெஞ்சில் உட்கார்ந்துவிட்டால், ஒரு பக்கமாகச் சாய்த்துத் தட்டுகளைக் கீழே சரித்துவிட்டுத் தப்பிக்கலாம். கிளிப் மாட்டினால் அந்த வழி அடைபட்டுப் போகும்.

இன்னொன்று, கை. முகத்தில் விழிக்காத பகையாளியாகவே இருக்கட்டும். கம்பிக்கு அடியில் இருந்து ஒருவன் "அண்ணே, கை குடுங்க" என்று கேட்டுவிட்டால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். இதை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. கேட்டதும் கை தானாகப் போகும், அவ்வளவுதான்.

சேர்ந்த முதல் வாரமே சின்னச் சின்னதாக ஆரம்பித்தது. இரவு பூட்டும்போது கிளிப்புகளைக் கழற்றி ஆணியில் தொங்கவிடுவேன். காலையில் திறந்தால், கடைசி பெஞ்சின் கம்பியில் மட்டும் இரண்டு கிளிப்பும் மாட்டியிருக்கும். கை வழுக்காமல் இருக்கப் பூசிக்கொள்ளும் வெள்ளைப் பொடி கிண்ணத்தில் பாதியாகக் குறைந்திருக்கும். கடைசி பெஞ்சுப் பக்கம் ஈரச் சாக்கு நாற்றம் அடிக்கும். ஜிம்முக்குள் சாக்கு எங்கிருந்து வந்தது?

ஒரு நாள் கண்ணாடியில் ஒரு வட்டம் பார்த்தேன். யாரோ கிட்ட நின்று மூச்சு விட்ட மாதிரி ஆவி படிந்திருந்தது. என் தலைக்கு ஒரு முழம் மேலே. நான் ஒன்றும் குள்ளன் இல்லை. துணியால் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

இப்போது மச்சினன். என் மனைவியின் தம்பி. ஆள் அவ்வளவு ஒல்லி, தெருவில் எல்லாரும் தீக்குச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். தாய் தகப்பன் போன பிறகு அவனை வளர்த்தவள் என் மனைவி. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குறையை அவன்தான் தீர்த்தான். தீயணைப்பு வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறிவிட்டான். அடுத்து உடல் தகுதித் தேர்வு. அதில் ஓர் ஆளைத் தோளில் சுமந்துகொண்டு ஓட வேண்டும். போன தடவை பாதியில் உட்கார்ந்துவிட்டான். தீக்குச்சி தீயை அணைக்கப் போகிறதாம் என்று தெருவே சிரித்தது. அடுத்த வாரம் அவனுக்குக் கடைசி வாய்ப்பு. அதனால் கூட்டம் போன பிறகு வரச் சொல்லி, தனியாகப் பயிற்சி கொடுத்தேன்.

அன்று கிளம்பும்போது என் மனைவி வாசலில் நின்று சொன்னாள்: "போறப்ப இருக்கற மாதிரியே திருப்பிக் கூட்டிட்டு வாங்க." விளையாட்டாகத்தான் சொன்னாள்.

மணி 10.40. மற்ற பெஞ்சுகளைத் துடைத்து அடுக்கியாயிற்று. கடைசி பெஞ்சுதான் மிச்சம். அதில் மச்சினன் படுத்திருந்தான். கம்பியோடு சேர்த்து நாற்பது கிலோ. கிளிப் மாட்டவில்லை. இதை எந்தச் சாமி முன்னால் வேண்டுமானாலும் சொல்வேன். அப்போதுதான் மேலே தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டே இருப்பது நினைவுக்கு வந்தது. வரும்வரை கம்பியைத் தொடாதே என்று சொல்லிவிட்டு ஏறினேன். மோட்டாரை நிறுத்தினேன். இறங்க ஆரம்பித்தபோது போனைப் பார்த்தேன். 10.44.

பாதிப் படியில் குரல் கேட்டது.

"இன்னும் ஒண்ணு..."

கனத்த குரல். மச்சினனுடையது இல்லை. யாராவது குளியலறையில் தங்கிவிட்டார்களோ என்று நினைத்தேன்.

"இன்னும் ஒண்ணு..."

கூடவே ஒரு முனகல். அது மச்சினனுடையது.

மிச்சப் படிகளை எப்படி இறங்கினேன் என்று தெரியாது. கடைசி பெஞ்சுக்கு மேல் இருந்த விளக்கு மட்டும் எரிந்தது. கம்பி அவன் நெஞ்சில் கிடந்தது. கால் இரண்டும் தரையை உதைத்துக்கொண்டிருந்தன. கம்பியில் இரண்டு கிளிப்பும் மாட்டியிருந்தன.

"எங்க மாமா போனீங்க..." என்றான். காற்றுதான் வந்தது. "ஒரு மணி நேரமா கூப்பிடறேன்..."

நான் போய் நாலு நிமிடம்தான் ஆகியிருந்தது.

கம்பியைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. நூற்று இருபது கிலோவைத் தரையிலிருந்து தூக்குகிறவன் நான். நாற்பது கிலோ அசையவில்லை. மறுபடி இழுத்தேன். தரையில் முளைத்த மாதிரி இருந்தது.

கிளிப்பை அமுக்கினேன். விரலில் ரத்தம் வந்தது. கிளிப் வரவில்லை.

"அதைத் தொடாத."

குரல் என் தலைக்கு மேலிருந்து வந்தது.

நிமிர்ந்தேன். மச்சினனின் தலைமாட்டில், துணையாள் நிற்க வேண்டிய இடத்தில், அவன் நின்றான். தலை கூரையைத் தொட்டது. சதை மூட்டை மூட்டையாக ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தது. கழுத்தே இல்லை. கை இரண்டும் வெள்ளைப் பொடியில் தோய்ந்திருந்தன. முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. தூக்க முடியாத எடையைத் தூக்குகிறவன் கடைசி நொடியில் முகத்தைச் சுளிப்பான் அல்லவா... அந்தச் சுளிப்பு அப்படியே உறைந்திருந்தது.

பக்கத்தில் கண்ணாடி. அதில் நானும் மச்சினனும்தான் இருந்தோம்.

அவன் ஒரே ஒரு விரலைக் கம்பியின் நடுவில் வைத்திருந்தான்.

"தூக்கு."

தூக்கினேன். முதுகில் ஏதோ பிடித்துக்கொண்டது.

"தூக்க முடியாதவனுக்கு எதுக்குடா வீட்டுல ஒரு உயிர்?"

மேலே காவல்காரர் இருந்தார். அவரைக் கத்திக் கூப்பிட்டேன். விரல் அழுந்தியது. கம்பி இன்னும் இறங்கியது. 'டக்'... எலும்பு. மச்சினன் கத்தக்கூட இல்லை.

"ஆளைக் கூப்பிடாத. நாலு பேர் தூக்கறதுக்குப் பேரு பலமா?"

வாயை மூடிக்கொண்டேன். மறுபடி தூக்கினேன். அழுதுகொண்டே தூக்கினேன்.

முடியவில்லை.

மச்சினனின் உதடு நீலமாகியது.

உதை நின்றது.

வீட்டு வாசலில் நிற்பவளிடம் என்ன சொல்வேன்? அவள் பெற்றால் என்ன, வளர்த்தால் என்ன... அவளுக்கு இருப்பது இவன் ஒருவன்தான். என் பலம், நூற்று இருபது கிலோ, சுவரில் மாட்டியிருந்த என் மெடல்கள்... எல்லாம் செல்லாக்காசு.

அப்போது யோசித்துச் சொல்லவில்லை. இத்தனை வருடப் பழக்கம். வாய் தானாகச் சொன்னது.

"அண்ணே... கை குடுங்க."

விரல் நின்றது.

"என்ன கேட்ட?"

"கை குடுங்கண்ணே. தனியா முடியல. பையன் செத்துருவான்."

கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன்.

அந்த முகம் நடுங்கியது.

வெள்ளைக் கை ஒன்று மெதுவாக இறங்கி, கம்பியின் ஒரு முனையைப் பிடித்தது. ஒரு முனையை மட்டும். நான் நடுவில் பிடித்திருந்தேன்.

கம்பி எழுந்தது.

ஒரு பக்கமாகச் சாயவில்லை. நேராக எழுந்தது. மறு முனையை யார் பிடித்தார்கள் என்று பார்க்க எனக்கு அப்போது நேரமில்லை. கம்பி தாங்கியில் 'டங்' என்று உட்கார்ந்தது. மச்சினனை இழுத்தேன். தோளில் போட்டேன். ஓடினேன்.

படியில் ஏறும்போது பின்னால் ஒரு சத்தம். இரும்பில் நகம் உரசுகிற சத்தம். பிறகு அந்தக் குரல். ஆனால் இப்போது அது எங்களிடம் பேசவில்லை. கெஞ்சுகிற மாதிரி, அழுகிற மாதிரி, திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

"தள்ளி நில்லுங்க... நானே தூக்கறேன்... தள்ளி நில்லுங்க..."

மச்சினன் பிழைத்துவிட்டான். என் மனைவி ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தாள். தீயணைப்பு வேலை போயே போய்விட்டது. போகட்டும்.

சாவியைக் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்ள மறுநாள் பகலில் ஜிம்முக்குப் போனேன். தனியாக இறங்கத் தைரியம் இல்லை. கட்டடத்தில் லிஃப்ட் பழுது பார்க்க வந்திருந்தவரைத் துணைக்கு அழைத்தேன். ரொம்ப வருடமாக அங்கே வந்து போகிறவர். விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்ததுமே, "கடைசி பெஞ்சா?" என்று கேட்டார். அதற்கு மேல் வரமாட்டேன் என்று கடைசிப் படியிலேயே உட்கார்ந்துகொண்டார். அங்கே உட்கார்ந்தபடிதான் சொன்னார்.

ஜிம் வருவதற்கு முன் அது சரக்குக் கிடங்காக இருந்ததாம். அங்கே ஒரு லோடுமேன். இரண்டு பேர் சுமப்பதை ஒரு தோளில் சுமப்பவன். மூட்டை இறக்க யாராவது கை கொடுக்க வந்தால் கோபம் வருமாம். மனைவி இல்லை. ஒரே பையன், ஏழு வயது. ஒரு நாள் கிடங்கின் பெரிய இரும்பு கேட் தண்டவாளத்திலிருந்து கழன்று பையன்மேல் விழுந்துவிட்டது. நாலு பேர் ஓடி வந்தார்கள். தள்ளி நில்லுங்க, நானே தூக்கறேன் என்று அவர்களைத் தள்ளிவிட்டான். முழங்கால் வரை தூக்கினான். நழுவியது. மறுபடி தூக்கினான். மறுபடி நழுவியது. கடைசியில் அவனை இழுத்துப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் தூக்கினார்கள்.

"நாலு பேரும் ஒரே மூச்சுல தூக்கிட்டாங்க," என்றார். "ஆனா லேட்டாயிடுச்சு."

அதற்குப் பிறகு அவன் மனிதனாக இல்லையாம். கிடங்கு ஜிம் ஆனதும் ராத்திரியில் வந்து, அந்த கேட்டின் எடையைக் கம்பியில் ஏற்றித் தூக்குவானாம். சரித்துவிட்டுத் தப்பிக்க மனசு நினைக்கக் கூடாது என்று கிளிப்பும் மாட்டிக்கொள்வானாம். ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தவர்கள், கம்பிக்கு அடியில் செத்துக் கிடந்தவனைப் பார்த்தார்கள்.

"அப்பலேருந்து நோஞ்சான் பசங்களா பாத்துப் புடிக்கறான்," என்றார். எனக்கு முன்னால் இருந்த பயிற்சியாளர்கள் ஏன் ஓடினார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

நான் கடைசி பெஞ்சுக்குப் போனேன். கிளிப்புகள் அப்படியே இருந்தன. கம்பியின் ஒரு முனையில் பெரிய கைத்தடம், வெள்ளைப் பொடியில். எதிர்பார்த்ததுதான். மறு முனையில் மேல்பக்கம் ஒன்றும் இல்லை.

குனிந்து அடிப்பக்கம் பார்த்தேன்.

இரண்டு கைத்தடம். ஒவ்வொன்றும் என் உள்ளங்கையில் பாதிகூட இருக்காது. மேலிருந்து பிடித்த தடம் இல்லை. கீழே படுத்துக்கொண்டு மேலே தள்ளிய தடம்.

படியில் இருந்தவரிடம் கத்திக் கேட்டேன். கேட் விழுந்ததுமே அந்தப் பையன் போய்விட்டானா என்று.

அவர் படியிலிருந்து எழுந்தார்.

"இல்ல," என்றார். "கை ரெண்டும் நல்லாத்தான் இருந்துச்சு. அப்பா தூக்கறப்பல்லாம் கீழருந்து அவனும் தள்ளிக்கிட்டே இருந்தான்."

பெஞ்சின் அகலம் ஓர் அடி. அன்று அதில் படுத்திருந்தவன் என் மச்சினன் மட்டும்தான்.