வேலி பிடுங்கிய வருடம்

இரண்டு பள்ளிக்கூடங்களும் ஒரே வளவில்தான் இருந்தன. நடுவில் என் தோளுயரத்துக்கு ஒரு கம்பி வேலி. இந்தப் பக்கம் பாலர் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை, அந்தப் பக்கம் நாலிலிருந்து ஆறு வரை. சின்னப் பள்ளிக்கூடம், பெரிய பள்ளிக்கூடம் என்று வீட்டில் சொல்லிக்கொள்வோம். எழுபதுகளின் பிற்பகுதி அது. ஊரை விட்டு வெளிநாடு வந்து, ஸ்காபரோவில் நாங்கள் இருந்த தொடர்மாடியில் தமிழ் பேசுகிற குடும்பம் நாங்கள் மட்டும்தான். கணவருக்கு மட்டைப்பெட்டி செய்கிற ஃபாக்டரியில் வேலை. நான் சின்னப் பள்ளிக்கூடத்தில் மத்தியானத்தில் பிள்ளைகளைச் சாப்பிட வைத்து, பிறகு முற்றத்தில் அவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை செய்தேன். என் மகளும் அங்கேதான் படித்தாள்.

பெரிய பள்ளிக்கூடத்து முற்றத்தில் சண்டை இல்லாத நாள் கிடையாது. பெடியன்கள் வட்டமாக நின்று கத்துவார்கள், நடுவில் இரண்டு பேர் உருளுவார்கள். எங்கள் சின்னப் பிள்ளைகள் ஓடிப்போய் வேலியில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்ப்பார்கள். ஒருநாள் ஒருவனுடைய காது கிழிந்து தொங்கியதை அவர்கள் பார்த்துவிட்டார்கள். அன்று மத்தியானம் ஒரு பிள்ளையும் சாப்பிடவில்லை. அதுகளைக் கொலரில் பிடித்து வேலியிலிருந்து இழுத்து வருவதுதான் என் வேலையில் பாதி.

பிள்ளைகளின் தொகை குறைந்துவிட்டது, இனி இரண்டையும் சேர்த்து ஒரே பள்ளிக்கூடமாக நடத்தப் போகிறோம் என்று கல்விச் சபை சொன்னது. ஒரு அதிபர், ஒரு சாப்பாட்டறை, ஒரு முற்றம். பெற்றோரைக் கூப்பிட்டு உடற்பயிற்சி மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். நானும் பின்வரிசையில் போய் இருந்தேன்.

சின்னப் பள்ளிக்கூடத்துத் தகப்பன் ஒருவர் எழும்பி, "என் பிள்ளைக்குப் பால்பல் விழுந்துகொண்டிருக்கிறது. மிச்சத்தை உங்கள் பிள்ளைகள் அடித்து விழுத்தப் போகிறார்களா?" என்று கேட்டார்.

மற்றப் பக்கத்திலிருந்து இன்னொருவர் எழும்பினார். "என் மகன் என்ன மிருகமா?"

அதற்குப் பிறகு வாய்ப்பேச்சு இல்லை. மடக்குக் கதிரை ஒன்று மேலே போனது. முதலில் பேசியவரின் மூக்கிலிருந்து ஓடிய இரத்தம் மினுக்கிய பலகைத் தரையில் சொட்டியது. மனைவிமார் கோட்டுகளைப் பிடித்து இழுத்தார்கள். கல்விச் சபையிலிருந்து வந்தவர் தன் காகிதங்களை அடுக்கிக்கொண்டு பக்கக் கதவால் வெளியேறிவிட்டார். முடிவு மாறவில்லை.

பெரிய பள்ளிக்கூடத்து அதிபர்தான் இரண்டுக்கும் அதிபரானார். எங்கள் தலைமை ஆசிரியை அவருக்குக் கீழே துணை அதிபரானார். அந்த அம்மா கட்டையான ஆள், குரலை உயர்த்தியதை நான் கேட்டதில்லை. அதிபர் நெடுவல். அவருடைய மேசை லாச்சிக்குள் தடித்த தோல் பட்டை ஒன்று இருந்தது. பிள்ளைகளின் உள்ளங்கையில் அடிப்பதற்கு அது. அந்த நாளில் அதற்கு அனுமதி இருந்தது. அடிக்கும்போது இன்னொரு பெரியவர் அறைக்குள் நின்று பார்க்க வேண்டும் என்பது மட்டும்தான் விதி.

நான் இதை வீட்டில் சொன்னபோது கணவர் சிரித்தார். "எங்களுக்கு ஊரில அடிக்காத வாத்தியாரே? ரெண்டு போட்டால் எல்லாம் அடங்கும்."

"ஓம்" என்றேன். எனக்கும் அப்படித்தான் பட்டது.

கோடை விடுமுறையில் வேலியை அறுத்து எடுத்துக்கொண்டு போனார்கள். பள்ளிக்கூடம் தொடங்கிய அன்று சின்னப் பிள்ளைகள் தங்கள் பக்கத்திலேயே நின்றார்கள், வேலி இருந்த இடத்தைத் தாண்டவில்லை. பெரியவர்கள்தான் தாண்டினார்கள். அவர்களிடம் ஒரு விளையாட்டு இருந்தது. ஏழெட்டுப் பேர் கைகோத்து வரிசையாக நின்று முற்றத்தின் ஒரு கரையிலிருந்து மற்றக் கரைக்கு ஓடுவார்கள். வழியில் நிற்கிற பிள்ளை விழும், அதன்மேல் சப்பாத்துகள் போகும். முதல் மாதத்திலேயே ஒரு குழந்தைக்குத் தோளெலும்பு உடைந்தது. பனி விழத் தொடங்கியதும் பனியை இறுக்கி, உள்ளே சரளைக்கல் வைத்து எறிந்தார்கள். நான் ஒரு சண்டையைப் பிரித்துவிட்டுத் திரும்பினால் முதுகுக்குப் பின்னால் இன்னொன்று நடக்கும். என் முழங்கைகள் எந்நேரமும் கன்றிப்போய் இருக்கும்.

அந்த வரிசைக்கு நடுவில் ஓடுகிறவன் ஆறாம் வகுப்புப் பெடியன், மெலிந்த உடம்பு. மற்றவர்கள் அவன் முகத்தைப் பார்த்துத்தான் எதையும் செய்வார்கள். தினமும் காலையில் என்னைக் கண்டால் "பாக்கி" என்பான். வணக்கம் சொல்வதுபோல, சிரித்துக்கொண்டு. எங்கள் நிறத்து ஆட்களை ஏசுகிற சொல் அது. நான் பாகிஸ்தான்காரி இல்லை என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். "எல்லாம் ஒன்றுதான்" என்றான்.

கிறிஸ்மஸ் விடுமுறைக்கு முந்திய வாரம். இரண்டு பேரைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு முற்றத்தின் மற்ற மூலையில் நின்றேன். கத்தல் கேட்டுத் திரும்பினேன். அந்த ஆறாம் வகுப்புப் பெடியன் என் மகளின் நெஞ்சில் ஏறி இருந்தான். உறைந்த பனியைக் கையில் அள்ளி அவள் முகத்தில் வைத்துத் தேய்த்தான். மற்றவர்கள் அவள் கால்களைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்கு முன்னமே அவன் அவள் கையைப் பின்னால் முறுக்கிவிட்டான். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

கோட்டின் தொப்பியில் பிடித்து அவனை இழுத்தேன். அவன் என் கெண்டைக்காலில் உதைத்தான். மகளின் கன்னம் இரண்டும் உரிந்து இரத்தம் பனியில் வடிந்தது. கை முழங்கைக்குக் கீழே வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கிடந்தது. அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. துணை அதிபர் தன் காரில் எங்கள் இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழி முழுக்க அவர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார்.

அடுத்த நாள் கணவர் வேலைக்குப் போகாமல் மகளோடு நின்றார். நான் பள்ளிக்கூடம் போனேன். அதிபர் என்னைக் கூப்பிட்டார். பெடியன் அவருடைய அறைக்குள் நின்றான். துணை அதிபர் வாசலில் நின்றார்.

"நான் உள்ளே நிற்கமாட்டேன்" என்று அவர் அதிபரிடம் சொன்னார். "நீங்கள் வேறு ஆளைப் பாருங்கள்."

அதிபர் என் பக்கம் திரும்பினார். "நீங்கள் தாய். இதைப் பார்க்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. நிற்பீர்களா?"

"நிற்கிறேன்" என்றேன். என்னை யாரும் வற்புறுத்தவில்லை. அவன் அடிவாங்குவதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.

அவன் கையை நீட்டினான். பட்டை இறங்கியது. அவன் அதிபரைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். மற்றக் கையையும் நீட்டினான். அதிலும் விழுந்தது. உதடு நடுங்கியதே தவிரக் கண்ணீர் வரவில்லை. பிறகு, எனக்குக் கேட்கிற அளவுக்கு மட்டும், "பாக்கி" என்றான்.

அதிபருக்கும் அது கேட்டுவிட்டது. அவர் முகம் மாறியது. அடுத்த அடிக்கு அவன் கையை இழுத்துக்கொள்ள, பட்டை கழுத்தில் சுற்றி விழுந்தது. அவன் குனிந்து தலையால் அவர் வயிற்றில் முட்டினான், மணிக்கட்டைப் பிடித்துக் கடித்தான். அவர் ஒரு சத்தம் போட்டு அவனைத் தூக்கி எறிந்தார். இரும்பு அலுமாரியின் விளிம்பில் அவன் நெற்றி அடித்துப் பிளந்தது. கண்ணை மறைத்து இரத்தம் வழிந்தது. அவர் விடவில்லை. கீழே கிடந்தவன்மேல் பட்டையை மறுபடி ஓங்கினார்.

"போதும்" என்றேன், தமிழில். பட்டையின் நுனியை எட்டிப் பிடித்தேன். அவர் இழுத்தார். அது என் உள்ளங்கையைத் தீய்த்துக்கொண்டு உருவிப் போனது. எனக்கு அந்தப் பெடியன்மேல் இரக்கம் வரவில்லை. இந்த அறைக்குள் ஒரு சாவு நடக்கப் போகிறது என்ற பயம் மட்டும்தான் வந்தது.

கதவு திறந்தது. துணை அதிபர் நேரே மேசைக்குப் போய்த் தொலைபேசியை எடுத்தார். "அதைக் கீழே வையுங்கள். இல்லாவிட்டால் நான் பொலிசைக் கூப்பிடுகிறேன்" என்றார், வழக்கமான அதே குரலில். அதிபர் பட்டையை மேசையில் வைத்தார்.

அன்று வீட்டில் கணவர் என் கைக்கு மருந்து பூசிக்கொண்டு கேட்டார். "நீர் ஏன் அங்க நிண்டனீர்?"

"பாக்கத்தான் நிண்டனான்."

"பாத்து என்ன கண்டனீர்?"

மகள் கையில் மாவுக்கட்டோடு நித்திரையாகக் கிடந்தாள்.

அடுத்த நாள் பெடியனின் தகப்பன் முற்றத்துக்குள் வந்தார். லொறி ஓட்டுகிறவர், பெரிய ஆள். நேரே என்னிடம் வந்தார். எனக்கு அடி விழப்போகிறது என்று நினைத்துக் கைகளை முகத்துக்கு முன்னால் கொண்டுவந்தேன்.

"அறைக்குள் நின்ற பெண் நீதானா?"

"ஆம்."

"என் மகனைத் தூக்கி எறிந்தானா அவன்?"

"எறிந்தார். உங்கள் மகன் என் மகளின் கையை முறித்தான்."

அவர் என்னை விட்டுவிட்டு அலுவலகத்துக்குள் போனார். கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது, கதிரை விழுகிற சத்தம், அலுவலகப் பெண்ணின் அலறல். பொலிஸ் கார் வந்து அவரைக் கைவிலங்கு போட்டுக் கொண்டுபோனது. பிள்ளைகள் எல்லாம் ஜன்னல்களில் நின்று பார்த்தார்கள். அதிபர் முகத்தில் துவாயை அழுத்திக்கொண்டு தன் காருக்குப் போனார். விடுமுறை முடிந்தும் அவர் திரும்பி வரவில்லை.

துணை அதிபர் அவர் இடத்துக்கு வந்தார். சின்னவர்களையும் பெரியவர்களையும் வெவ்வேறு நேரத்தில் முற்றத்துக்கு விட்டார். என்னோடு நிற்க இன்னும் மூன்று பெண்களை வேலைக்கு எடுத்தார். சண்டை குறைந்தது, நிற்கவில்லை. பெடியன் நெற்றியில் தையலோடு வந்து ஆறாம் வகுப்பை முடித்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அவன் என் மகளைத் தொடவில்லை. என்னை மட்டும் கடைசி நாள்வரை அந்தப் பெயரால்தான் கூப்பிட்டான், சிரிப்பு இல்லாமல்.

அடுத்த வருடம் இலையுதிர் காலத்தில் இப்போது அதிபராகிவிட்ட அந்த அம்மா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். என் மகள் அங்கே கதிரையில் இருந்தாள். முதலாம் வகுப்புக்குப் புதிதாக வந்த சின்னப் பெடியன் ஒருவனின் முகத்தில் அவள் சாப்பாட்டுத் தகரப்பெட்டியால் அடித்திருந்தாள். அவனுக்குப் புருவத்தில் தையல் போட வேண்டி வந்தது.

"ஏன் அடிச்சனி?"

"என்ர வழியில நிண்டவன்."

"உன்னைவிடச் சின்னவன் எல்லே?"

"ஐ நோ, அம்மா" என்றாள்.

என் கை உயர்ந்தது. அதிபர் பார்த்துக்கொண்டிருந்தார். கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

பின்னேரம் மகளைக் கூட்டிக்கொண்டு அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். எங்கள் கட்டடத்துக்கு அடுத்த கட்டடம். தாய் கதவைத் திறந்தாள். பின்னால் அந்தப் பிள்ளை ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டு நின்றது. என் மகள் தரையைப் பார்த்தபடி மன்னிப்புக் கேட்டாள்.

தாய் அவளைப் பார்க்கவில்லை. "மத்தியானத்தில் இதுகளைப் பார்த்துக்கொள்கிறவள் நீதானே?" என்று என்னிடம் கேட்டாள்.

"ஆம்."

"அப்படியென்றால் பார்" என்று சொல்லிக் கதவை அடித்துச் சாத்தினாள்.

லிஃப்டுக்குள் மகள் என் கோட்டைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, அவ எங்களை மன்னிச்சிட்டாவோ?"

"இல்லை."

"அப்ப இப்ப என்ன செய்யிறது?"

"நாளைக்குப் பள்ளிக்கூடம் போறது" என்றேன்.