மணியடித்து இறங்க முடியாத இடம்

அத்தான் பேருந்து ஓட்டுபவர். அக்காவும் நானுமாகச் சேர்ந்து மூன்று வாரம் கரையோரமாகவே கடலில் கயாக் என்கிற ஒற்றையாள் துடுப்புப் படகு ஓட்டிப் போகலாம் என்று முடிவு செய்தபோதும் ஓட்டுநராகத்தான் திட்டம் போட்டார். சமையலறை மேசையில் வரைபடம். பறக்காமலிருக்க அதன்மேல் உப்பு ஜாடி. ஒவ்வொரு மணல்கரையும் ஒரு நிறுத்தம். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு நேரம்.

“காத்து உங்க டிப்போலயா வேலை பாக்குது, சொன்ன நேரத்துக்கு வர?” என்றாள் அக்கா.

“என் வண்டி லேட்டுன்னு யாராவது சொல்லியிருக்காங்களா?”

வரைபடத்தில், நிலம் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முனை இருந்தது. அதைத் தாண்டினால் நெடுந்தூரம் செங்குத்துப் பாறை. படகை ஏற்றக் கைப்பிடி மணல்கூடக் கிடையாது. மதியக் காற்று எழும்புமுன் கடந்துவிட வேண்டும். அக்கா துடுப்புப் பிடித்தே ஒரு வருடம்தான் ஆகிறது. “அந்த முனைய ஒரு தடவை பாத்துட்டுதான் வருவேனா மாட்டேனான்னு சொல்லுவேன்” என்று சொல்லிவிட்டாள். அவள் வராத பயணத்துக்கு அத்தான் கிளம்ப மாட்டார்.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்குப் போனோம். கூடாரத்தையும் தண்ணீர் கேனையும் எங்கள் இருவர் படகிலும், அரிசி மூட்டையை அக்கா படகிலும் ஏற்றிக்கொண்டோம். அத்தான் போட்டதோ வெறும் படகின் வேகத்தை வைத்த கணக்கு. சுமையேறிய கயாக் சேற்றில் இறங்கிய எருமை மாதிரி நகர்ந்தது. நாங்கள் முனையை நெருங்கவும் காற்று எழும்பவும் சரியாக இருந்தது.

அலை பக்கவாட்டில் இடித்தது. அக்காவின் படகு சாய்ந்து, அரை மனதோடு நிமிர்ந்தது. அத்தான் முன்னால் போய்க்கொண்டே இருந்தார். அவர் தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கிற ஆளில்லை; பழக்கதோஷத்தில் கண் வலப்பக்கக் கண்ணாடியைத் தேடும். அங்கே கண்ணாடி இல்லை, கடல்தான் இருந்தது.

“என்னங்க! திரும்பலாம்!”

“இன்னும் கொஞ்சம்தான்! அந்தப் பாறைய தாண்டிட்டா போதும்!”

“தாண்டி எங்க எறங்குறது? உங்க தலையிலயா?”

“பாதி வழியில நான் வண்டிய திருப்பினதே இல்ல!”

“பஸ்ஸுன்னா மணியடிச்சு எறங்கிக்குவேன்! இங்க எப்படி எறங்குவேன், சொல்லுங்க!”

அவள் குரல் உடைந்தது. அப்போதுதான் அத்தான் உடம்போடு திரும்பிப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது.

படகைத் திருப்பினார். அக்காவை முன்னால் விட்டு, கரை சேரும்வரை அவள் பின்னாலேயே வந்தார். கரையில் இறங்கியதும் அவள் துடுப்பை மணலில் போட்டுவிட்டுத் தனியே போய் உட்கார்ந்தாள். பயணம் போச்சு என்றே நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தான் ரப்பரை எடுத்தார். எழுதியிருந்த நேரங்களை ஒவ்வொன்றாக அழித்தார். முனைக்கு முந்தைய மணல்கரையில் மட்டும் ‘காத்திருக்கணும்’ என்று எழுதினார்.

“எத்தனை நாள் அத்தான்?”

“உங்க அக்கா போலாம்னு சொல்ற வரைக்கும், மாப்பிள்ளை. இனிமே நான் கடைசி படகு.”

அக்கா வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உப்பு ஜாடியை எடுத்து அந்த முனையின்மேல் வைத்தாள்.

“அரிசி மூட்டைய உங்க படகுல கட்டுங்க. என் படகுல இனி ஏத்தக் கூடாது.”